தொட்டிலிலே தொடங்கும் கல்வி

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேப்பமரத்தடியில் ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பிள்ளைகளை அமர்த்தித் தொடங்கப்பெற்ற மாலைப் பள்ளி, இன்று சொந்தக் கட்டடமும் நூலகமும் உடையதாய் வளர்ந்து நிற்கிறது. கூலி வேலைக்குச் சென்று திரும்பிய பெற்றோர், ஆளுக்கொரு பிடி அரிசியும் கையிலிருந்த சில்லறையும் கொடுத்து வளர்த்த கழகம் இது. இதன் நிழலில் படித்தோருள் ஆசிரியர் உளர்; செவிலியர் உளர்; வழக்கறிஞர் உளர். இவ்வெற்றியைக் கொண்டாடுதல் நமக்குத் தகும். ஆயினும், புகழுரைகள் பல கேட்டுவிட்ட இவ்வேளையில், புகழுக்கு இடமில்லாத ஒரு செய்தியை எடுத்துரைக்க வந்துள்ளோம். பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

நம் கழகத்தின் முயற்சி எந்த வயதுப் பிள்ளையிடம் தொடங்குகிறது? ஆறாம் வகுப்பு முதல் மாலைப் பள்ளி நடத்துகிறோம். பத்தாம் வகுப்பு மாணவர்க்குத் தனிப்பயிற்சி தருகிறோம். கல்லூரி செல்வோர்க்குக் கட்டணம் செலுத்துகிறோம். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆனால் ஆண்டுதோறும் ஜூன் திங்களில் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஒரே ஆண்டில் பிறந்த இரு பிள்ளைகள் அருகருகே நிற்பார்கள். ஒரு பிள்ளையின் தலை மற்றதன் தோளுக்கே எட்டும். பிறந்த தேதியைத் தவறாகக் கொடுத்துவிட்டார்களோ என்று நாங்கள் சான்றிதழைத் திருப்பிப் பார்த்ததுண்டு. தேதி சரியாகவே இருக்கும்.

அத்தகைய பிள்ளை ஒருவனை நினைவுகூர்கிறோம். வகுப்பில் தூங்குவான். மாதத்தில் பாதி நாள் காய்ச்சலென்றும் சளியென்றும் வரமாட்டான். 'மந்தம், கவனம் இல்லை' என்று அவன் பெயருக்கு எதிரே நாங்கள் எழுதி வைத்தோம். ஒரே எழுத்தை மும்முறை எழுதச் சொல்லித் தண்டித்தோம். காலையில் என்ன உண்டாய் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே பல மாதங்கள் ஆயின. 'டீயும் பன்னும் சார்' என்றான். அவன் தாய் விடியுமுன் நாற்று நடவுக்குச் செல்பவள். பிறந்தபோதே எடை குறைவு. தவழும் வயதில் ஓயாத வயிற்றுப்போக்கு. இரண்டு வயதில்தான் நடந்தான் என்று பின்னர் அவள் சொல்லி அழுதாள். எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். இன்று செங்கற்சூளையில் கல் சுமக்கிறான். பள்ளிக்கு வருமுன்பே அவனுக்கு நேர்ந்த குறையை, எங்கள் பள்ளியும் நம் மாலைப் பள்ளியும் சேர்ந்தும் ஈடுசெய்ய இயலவில்லை. அவனைக் குறைகூறி எழுதிய அந்தக் கையெழுத்து எங்களுடையது என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்வது கடமையாகும்.

உயரம் குறைந்த பிள்ளைகளெல்லாம் படிக்க மாட்டார்கள் என்று எவரும் கொள்ளற்க. அது உண்மையன்று, நம்மிடையே அதற்குச் சான்றுகள் பல உண்டு. ஆனால், தடையின்றி ஓடவேண்டிய பிள்ளையின் காலில் கல்லைக் கட்டிவிட்டு, ஓட்டத்தில் முந்துக என்று கூறுவது முறையாமோ?

ஆயிரம் நாட்கள்

கருவுற்ற நாள் முதல் பிறக்கும் வரை 270 நாட்கள். பிறந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு 730 நாட்கள். கூட்டினால் 1,000 நாட்கள். மனித வாழ்வில் உடலும் மூளையும் மிக விரைந்து வளரும் பருவம் இதுவே. பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கும். இரண்டு வயது நிறைவதற்குள் அது முக்காற் பங்கைக் கடந்துவிடுகிறது. நன்கு வளரும் குழந்தை ஐந்தாம் மாதத்தில் தன் பிறப்பு எடையின் இருமடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் ஆகும். இப்பருவத்தில் உணவு குறைந்தால் முதலில் எடை நிற்கும். பின்னர் உயரம் நிற்கும். இழந்த எடையைப் பிற்காலத்தில் மீட்கலாம். இழந்த உயரத்தையும், அப்பருவத்துக்குரிய மூளை வளர்ச்சியையும் முழுமையாக மீட்பது அரிது.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கை நோக்குவோம். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை. இந்தியா முழுமைக்கும் உயரம் குன்றிய பிள்ளைகள் நூற்றுக்கு 35 பேருக்குச் சற்று மிகுதி. அட்டவணை இனத்துப் பிள்ளைகளை மட்டும் தனியே கணக்கிட்டால் 39 பேர். இவ்வேறுபாடு இரத்தத்தில் பிறந்ததன்று. நிலமின்மையும், குறைந்த கூலியும், நல்ல நீரின்மையும், ஒதுக்கிவைத்தலும் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளின் எலும்பில் எழுதிய கணக்கு அது.

அரசு ஒன்றும் செய்யவில்லையா எனின், செய்திருக்கிறது. 1920-இல் தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இங்கு அமர்ந்துள்ளோரில் ஐம்பதைக் கடந்தோர் பலர், அந்தச் சத்துணவுத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றவர்களே. அத்தட்டு இல்லையேல் இம்மேடையும் இல்லை. 2022 செப்டம்பர் 15-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

இவை யாவும் பிள்ளை நடந்து சென்று தட்டேந்தும் வயதுக்குரியவை. முதல் ஆயிரம் நாட்களோ வீட்டுக்குள் கழிகின்றன. பால்வாடி என்று நாம் அழைக்கும் அங்கன்வாடி சத்துமாவு தரலாம். கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி போடலாம். அம்மாவைக் கிண்டுவதும், ஊட்டுவதும், ஒருநாளில் எத்தனை முறை ஊட்டுவது என்று முடிவு செய்வதும் நம் அடுப்படியில்தான். ஆகவே, இக்குறையை நீக்கும் பணியில் ஒரு பகுதி நம்முடையது.

எங்கள் கையால் நேர்ந்த பிழை

நம் பகுதியில் குழந்தை பிறந்தவுடன் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. சர்க்கரை நீரையோ, தேனையோ தொட்டுக் குழந்தையின் நாவில் வைப்பது. வைத்தவரின் குணமும் அறிவும் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால், படித்தவர் என்று பெயரெடுத்த ஆசிரியர்களான எங்களை அழைப்பார்கள். 'வாத்தியார் கையால் சேனை வைத்தால் எங்கள் பிள்ளையும் படிக்கும்' என்று அந்த ஏழைத் தாய்மார் கூறும்போது மனம் நெகிழும். எழுத்தறியாத மக்கள் கல்வியின்மேல் வைத்த பேரன்பு அது. நாங்களும் பெருமிதத்தோடு சென்று எத்தனையோ பிள்ளைகளுக்கு வைத்தோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வைத்தோம். அதே வேளையில் தாயின் மார்பில் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சி வெளியே ஊற்றுவதைக் கண்டும் வாய் திறந்ததில்லை.

அச்சீம்பால்தான் குழந்தைக்கு இயற்கை தரும் முதல் தடுப்பு மருந்து. நோயை எதிர்க்கும் பொருள்களும் உயிர்ச்சத்து 'ஏ'யும் அதில் நிறைந்துள்ளன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அது குழந்தைக்குக் கிட்ட வேண்டும். தேனோ, கைபட்ட நீரோ முதல் ஓராண்டு வரை பச்சைக் குழந்தைக்கு நோயைக் கொணரக்கூடும். தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நிகழ்கின்றன. மேற்சொன்ன ஆய்வின்படி நூற்றுக்கு 99-க்கும் மேல். ஆயினும் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேரே. மருத்துவமனை வாயில் வரை அறிவியல் வந்துவிட்டது. சேனைக் கிண்ணமும் கூடவே வந்துவிட்டது.

தாய்மார்களே, இனி எங்களைச் சேனை வைக்க அழைக்க வேண்டா. ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். கோடையிலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை. பாலிலேயே நீர் உண்டு. உரைமருந்தும், கிரைப் வாட்டரும், புட்டிப்பாலும் வேண்டா. பிள்ளைக்கு மாந்தம் வருமென்று அஞ்சிப் பிள்ளை பெற்றவளைப் பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவதும் வேண்டா. அவள் உண்டால்தான் அவள் உடல் தேறும்; உடல் தேறினால்தான் அவளால் பாலூட்டி வளர்க்க இயலும்.

ஒரு சிறு கணக்கு

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு வேறு உணவும் தர வேண்டும். தாய்ப்பாலை இரண்டு ஆண்டுகளுக்கும், அதற்கு மேலும் தொடரலாம். இங்குதான் நம் வீடுகளில் இரண்டாம் பிழை நேர்கிறது. நீர்த்த கஞ்சியை ஊற்றிவிட்டுப் பிள்ளையின் வயிறு நிறைந்தது என்று ஆறுதல் அடைகிறோம். ஆசிரியர் என்ற முறையில் இதைக் கணக்காகவே கூறுவோம்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். அதன் வயிறு, ஒரு கிலோ எடைக்கு 30 கிராம் வீதமே கொள்ளும். எட்டுக் கிலோ பிள்ளைக்கு 240 கிராம். இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம், கேழ்வரகு மாவை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் காய்ச்சினால் அக்கஞ்சியில் இருப்பது 35 கலோரி மட்டுமே. 200 கலோரி பெற அக்குழந்தை ஆறு தம்ளர் கஞ்சி குடிக்க வேண்டும். எந்தப் பிள்ளை குடிக்கும்? வயிறு புடைக்கும், உடம்பு தேறாது.

மாறாக, 20 கிராம் அரிசியும் 10 கிராம் பருப்பும் குழைய வேகவைத்து, ஒரு பிடி முருங்கைக்கீரையை மசித்துச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ ஊற்றினால், அரைக் கிண்ணத்தில் ஏறத்தாழ 150 கலோரி அடங்கும். அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மட்டும் 45 கலோரி. இதை இரண்டு, மூன்று வேளை கொடுத்தால் கணக்கு நிறைந்துவிடும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உணவு வழிந்தோடக் கூடாது. இது ஒன்றே தாய்மார் நினைவிற்கொள்ள வேண்டிய அளவுகோல். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி வறுத்துத் திரித்த மாவு இன்னும் சிறந்தது. முளைகட்டிய மாவு கஞ்சியை இளக்குவதால், அதே அளவு நீரில் மிகுதியான மாவைச் சேர்த்தாலும் குழந்தையால் விழுங்க முடியும். நம் பாட்டிமார் இதனை ஏட்டில் படித்ததில்லை, ஆயினும் செய்தார்கள். நாம் அதை விட்டுவிட்டுப் பெட்டிக்கடைப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறோம். தேநீரில் நனைத்த பன் பசியை அடக்கும். ஆனால் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

ஒன்பதாம் மாதம் முதல் மூன்று, நான்கு வேளை ஊட்ட வேண்டும். இடையில் வாழைப்பழமோ, வேர்க்கடலை வறுத்துப் பொடித்து வெல்லம் கூட்டியதோ கொடுக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனித்தட்டு வைத்து, அருகிலிருந்து, பேசி ஊட்ட வேண்டும். பெரிய பிள்ளைகளோடு ஒரே தட்டில் விட்டால், சிறிய பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன என்பதை நாம் அறிவோம்.

நம் உணவு இழிவன்று

இளைஞர்களே, ஒரு செய்தியை ஒளிக்காமல் கூற விழைகிறோம். நம் முன்னோர் ஏரியில் நண்டும் வயலில் நத்தையும் பிடித்தனர். கெண்டைப் பொடியும் கருவாடும் உண்டனர். மாட்டிறைச்சியையும் ஈரலையும் இரத்தப் பொரியலையும் உண்டனர். அவ்வுணவைச் சுட்டியே நம்மை இழிவாகப் பேசினர். நாம் படித்தோம், படித்தபின் நாணினோம். விருந்தினர் வரும்போது சட்டியை மறைத்தோம். நாளடைவில் பிள்ளைகளுக்கும் அதை நிறுத்தினோம். அதற்கீடாக வேறொன்றும் தரவில்லை. வெறுஞ்சோறும் ரசமும் நாகரிகம் என்று எண்ணினோம். இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்புச்சத்து, கீரையிலுள்ளதைவிட எளிதில் உடலில் சேர்வது. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. முட்டை கொடுத்தால் மாந்தம், மீன் கொடுத்தால் சிரங்கு என்பவை ஆதாரமற்ற அச்சங்கள். நன்கு வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கி, மசித்துக் கொடுத்தால் ஆறு மாதம் நிறைந்த பிள்ளையும் உண்ணும். புலால் உண்ணாதோர் பயறும் பருப்பும் பாலும் மிகுதியாகத் தரலாம். எதை உண்பது என்பது அவரவர் விருப்பம். பிறர் இகழ்ச்சிக்கு அஞ்சிப் பிள்ளையின் வாயிலிருந்து உணவைப் பறிப்பது மட்டும் கூடாது.

வியத்நாம் நாட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1990-இன் இறுதியில் செர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் என்னும் கணவன் மனைவியர் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பின் சார்பில் அந்நாடு சென்றனர். தான் ஹோவா மாநிலத்துச் சிற்றூர்களில் பிள்ளைகள் மெலிந்திருந்தனர். வழங்குவதற்குப் பெருநிதி இல்லை. அவர்கள் ஊராரைக் கொண்டே பிள்ளைகளை எடை போடச் செய்து, ஒரே ஒரு வினாவைக் கேட்டனர்: மிக ஏழைக் குடும்பத்தில் பிறந்தும் நன்றாக வளரும் பிள்ளை எதுவும் உண்டா? உண்டு என்றனர். அவ்வீடுகளுக்குச் சென்று பார்த்தபோது, அத்தாய்மார் வயலில் கிடைத்த சிறு நண்டையும் பொடி இறாலையும், சர்க்கரைவள்ளிக் கீரையையும் பிள்ளையின் சோற்றில் சேர்த்து வந்தது தெரிந்தது. எல்லார்க்கும் விலையின்றிக் கிடைத்தவை அவை. ஆனால் குழந்தைக்கு ஆகாதவை, தாழ்ந்தவை என்று மற்றோர் ஒதுக்கியவை. மற்ற வீடுகளில் இரு வேளை ஊட்டினர், இவ்வீடுகளில் உணவைப் பகிர்ந்து பல வேளை ஊட்டினர், கை கழுவினர். அதன்பின் மெலிந்த பிள்ளைகளின் தாய்மாரை இரண்டு வாரங்கள் நாள்தோறும் கூட்டினர். ஆளுக்கு ஒரு பிடி நண்டு, இறால், கீரை கொண்டுவந்தால்தான் உள்ளே இடம். கூடிச் சமைத்தனர், கூடி ஊட்டினர். பிள்ளைகள் தேறினர். சொற்பொழிவைவிடச் செய்து பழகுதலே பழக்கத்தை மாற்றியது. வெளியிலிருந்து வந்த அறிஞரைவிட அடுத்த வீட்டுப் பெண்ணே சிறந்த ஆசிரியையாக விளங்கினாள்.

நோயும் நீரும்

உணவு உள்ளே போனாலும் வயிற்றுப்போக்கு அதை வெளியே கொண்டுபோய்விடும். பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீரையும் பாலையும் நிறுத்துவது நம் வழக்கம். தொக்கம் எடுக்க அழைத்துச் செல்வதும் வழக்கம். நிறுத்தியதனாலேயே மாண்ட பிள்ளைகள் உண்டு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றபின்னும் விடாது 14 நாட்கள் தர வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. நோய் தீர்ந்தபின் சில நாட்கள் ஒருவேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். சமைக்குமுன்னும், ஊட்டுமுன்னும், பிள்ளையின் மலம் கழுவியபின்னும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

1927-இல் மகாத்துக் குளத்து நீரை அள்ளிய அண்ணல் அம்பேத்கர், நீர் என்பது உரிமை என்று உலகறியச் செய்தார். அவருக்கும் இரமாபாய் அம்மையாருக்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வரை இளமையிலேயே இழந்தனர். யசுவந்த் ஒருவரே எஞ்சினார். அந்தத் துயரை அறிந்தவர், 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு ஊதியத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்பு வழங்கும் மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாயின் ஓய்வு தனி ஒரு குடும்பத்தின் கவலையன்று, நாட்டின் நலன் என்பது அவர் கொள்கை. அவர் படத்துக்கு மாலையிடும் நாம், நம் வீட்டுக் கருவுற்ற பெண்ணைக் களைபறிக்க அனுப்பிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்ணச் சொல்வது பொருந்துமா?

ஆண்களும் உரிமையும்

இதுவரை கூறியவை தாய்மார்க்கு மட்டும் உரியவை என்று ஆண்கள் எண்ணிவிடலாகாது. விடியுமுன் எழுந்து, சமைத்து, கூலிக்குச் சென்று, திரும்பி மீண்டும் சமைப்பவளிடம், நாளுக்கு நான்கு முறை ஊட்டு என்று கூறிவிட்டுத் தேநீர்க் கடைக்குச் செல்வது அறமன்று. மதுக்கடையில் செலவிடும் ஒருநாள் தொகையில் ஒரு வாரத்து முட்டையும் பருப்பும் வாங்கலாம். தண்ணீர் எடுத்தல், ஊட்டுதல், எடை போட அழைத்துச் செல்லுதல் ஆகியவை தந்தைக்கும் உரிய கடமைகள். மாமியார்மார், 'நாங்கள் இப்படியா வளர்த்தோம்?' என்று கேட்பதுண்டு. நீங்கள் வளர்த்தீர்கள், அம்மா; எத்தனை பிள்ளைகளைப் புதைத்தீர்கள் என்பதையும் நீங்கள்தாம் அறிவீர்கள். அப்பட்டறிவே இம்மாற்றத்துக்குத் தலைமை ஏற்கட்டும். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கு மணம் முடிப்பதும் இப்பிழையின் வேரே. வளர்ந்து முடியாத தாய் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையைப் பெறும் வாய்ப்பு மிகுதி.

அறிவுரை மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதையும் மறந்தோமில்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்க்கும் அங்கன்வாடி வழி உணவை உரிமையாக்கியுள்ளது. 2006 டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம், அட்டவணை இனத்தார் வாழும் குடியிருப்புகளில் அங்கன்வாடி அமைக்க முன்னுரிமை தர வேண்டும் என்றும், ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து மையம் இல்லாத இடத்தில் மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நமக்குரிய மையம் ஊர்த்தெருவின் கோடியில் இருந்த காலத்தில், நம் பிள்ளைகளுக்குத் தனியே அமரும் இடம் காட்டப்பட்டதையும், அதனால் நம் தாய்மார் அனுப்பாமலே நின்றதையும் நாம் மறக்கவில்லை. இன்றும் நம் காலனிக்கென மையம் இல்லை. நம் பிள்ளைகளை எண்ணிக் கணக்கெடுத்து மனுவாக எழுத, நாம் வளர்த்த பட்டதாரிகள் இருக்கிறார்கள்.

வழிகாட்டி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைத் திங்கள்தோறும் எடைபோட்டனர். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துருண்டை கொடுத்தனர். அதைவிட முதன்மையாகத் தாய்க்குக் காரணத்தை விளக்கினர். அவ்வூர்ப் பெண்ணே பணியாளர். தாய்மார் குழுக்கள் துணை. கடுமையான மெலிவு அப்பகுதிகளில் வெகுவாகக் குறைந்தது.

கழகத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்

விழா நிதியில் மீந்திருக்கும் தொகையைக் கொண்டு காலனி முகப்பில் அண்ணல் பெயரால் நுழைவு வளைவு எழுப்ப வேண்டும் என்ற கருத்து உள்ளது. அதனைக் குறைவாக எண்ணவில்லை. நம் தெருவின் வாயிலில் அவர் பெயர் நிற்பது நம் மானத்துக்கு அடையாளம். ஆயினும் வளைவு ஓராண்டு பொறுக்கும். இவ்வாண்டு பிறக்கும் பிள்ளையின் ஆயிரம் நாட்கள் பொறுக்கமாட்டா. ஆதலின் முதற்செலவாகக் கீழ்க்கண்டவற்றை ஏற்குமாறு வேண்டுகிறோம்.

ஒன்று: குழந்தை எடைக்கருவி ஒன்றும், கைச்சுற்றளவு நாடாவும் வாங்கி, கருவுற்ற தாய்மார்க்கும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உடனே செவிலியரிடம் காட்ட வேண்டும், 11.5-க்குக் குறைந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டு: ஞாயிறுதோறும் கழக முற்றத்தில் தாய்மாரும் தந்தைமாரும் ஆளுக்கொரு பிடிப் பொருள் கொணர்ந்து, பிள்ளைகளுக்கு ஒன்றாகச் சமைத்து ஊட்ட வேண்டும். நம் தெருவில் வறுமையிலும் நன்கு வளரும் பிள்ளையின் தாயே அங்கு ஆசிரியை.

மூன்று: மாலைப் பள்ளியில் படிக்கும் ஒவ்வோர் இளைஞரும் இரு வீடுகளைப் பொறுப்பேற்று, எடைபோடும் நாளையும் தடுப்பூசி நாளையும் நினைவூட்ட வேண்டும்.

நான்கு: அங்கன்வாடி கேட்டு மனு எழுதி, அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் கொணர வேண்டும்.

சேனை வைக்க எங்களை அழைத்த வீடுகளுக்கு இனியும் வருவோம், அழையாவிடினும் வருவோம். குழந்தையின் பெயரையும் பிறப்பு எடையையும் கழகப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதிவிட்டுத் திரும்புவோம். ஐந்தாண்டு கழித்து அப்பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் ஜூன் திங்களில், அவன் உயரத்தை அளந்து அதே பதிவேட்டில் எழுதுவோம். இக்கழகம் கல்விக்கு ஆற்றிய பணியை அந்த இரண்டு எண்களும் கூறும்.